நாற்காலியின் அடிப்பக்கம்

தாத்தா விட்டுப்போனதில் எனக்கு வந்தது ஒரு பிரம்பு நாற்காலி. பாகம் பிரித்தபோது யாரும் கேட்கவில்லை, அதனால் வந்தது. கள்ளக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் அதில் பூனைதான் குடியிருந்தது.

போன மாசம் சென்னையிலிருந்து மச்சான் போன் பண்ணினார். "மாப்ளே, கவட்டை மாதிரி கால் இருக்குமே, அந்தச் சேரை எரிச்சுடலையே?"

விஷயம் இதுதான். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே சண்டிகரைக் கட்டியபோது, அவருடைய உறவினர் பியர் ஜான்னரே 1950களில் அங்கத்திய அரசு அலுவலகங்களுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் கவட்டைக் கால் நாற்காலிகள் வடிவமைத்தார். பிற்பாடு அவற்றைப் பழைய சாமான் என்று மலிவாகத் தள்ளிவிட்டார்கள். வெளிநாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கில் விலை போகவே, 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. அசல் என்றால் வெள்ளைப் பெயிண்டில் எழுத்தும் எண்ணும் இருக்குமாம். எங்களுடையதிலும் அடியில் ஏதோ தெரிந்தது. ஆனால் தாத்தா வெற்றிலை போட்டதும் சுண்ணாம்பு விரலை அங்கேதான் துடைப்பார். அரை அங்குலத்துக்கு அப்பியிருந்தது.

அன்றைக்கே பூனை காலி செய்யப்பட்டது.

நாற்காலியைக் கேட்காத சொந்தமெல்லாம் அதன் வரலாற்றைச் சொல்ல வந்தது. "வெள்ளிமலையிலேர்ந்து மாட்டு வண்டியில வந்த தேக்குடா" என்றாள் அத்தை. கருமந்துறை ஈட்டி என்றார் சித்தப்பா. கல்வராயன் மலையையே எங்கள் வீட்டுக்காகத்தான் வெட்டினார்கள் போலிருக்கிறது. பழைய சாமான்காரர் மட்டும் எதுவும் பேசாமல் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இருநூறு ரூபா" என்றார்.

கடைசியில் ஆசாரியை அழைத்தேன். சாமி சிலை செதுக்கும் குடும்பம். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021இல்தான். அவருக்கு அந்தக் கர்வம் அதற்கு முன்பே உண்டு. வந்ததும் நாற்காலியைக் கவிழ்த்தார். மேலே பாலிஷ் பொய் சொல்லும், அடிப்பக்கம் சொல்லாதாம். ஓரத்தில் உளியால் லேசாகச் சுரண்டி மோந்தார்.

"தேக்கும் இல்ல, ஈட்டியும் இல்ல. வாகை."

அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஆனா கழுந்து எப்படி இறங்கியிருக்கு பாருங்க. ஒரு ஸ்க்ரூ கிடையாது, மூங்கில் ஆணி. நம்மூர்க் கைதாங்க. காலை மட்டும் எங்கேயோ பார்த்துட்டு வந்து பண்ணியிருக்கான்."

பேசிக்கொண்டே சுண்ணாம்பைப் பெயர்த்தார். வெள்ளை எழுத்து வந்தது. தாத்தா குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தின் பெயர். பக்கத்தில் 17.

தாத்தா ஏன் வேறெங்கும் விரல் துடைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. மச்சான் சொன்னதும் ஒரு வகையில் சரி: இதுவும் அரசாங்க நாற்காலிதான்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் 1 முதல் 16 வரை எண் போட்ட வாகை நாற்காலி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள்.