மணமகளின் கையெழுத்து

கேள்வி: தங்கச்சியின் நிக்காஹ் பதிவில் மாப்பிள்ளையும் வாப்பாவும் கையெழுத்து வைத்தார்கள். அவளுக்கு அதில் இடமே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "மார்க்க விஷயத்தில் வாய் வைக்காதே" என்று சாச்சா அதட்டிவிட்டார். இதை எப்படிப் பேசுவது?
– வாசகி, கரைத்தீவு, புத்தளம்

பதில்: சாச்சாவிடம் மரியாதையாகவே பேசுங்கள் மகள். அந்தப் படிவம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தோடு வந்தது. அதை எழுதியது கொழும்புப் பாராளுமன்றம். மார்க்கம் என்றால், விருப்பமில்லாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட கன்ஸா பின்த் கிதாம் முறையிட்டபோது நபிகளார் அந்தத் திருமணத்தையே ரத்துச் செய்தார்கள். பாகிஸ்தானின் நிக்காஹ் நாமாவில் மணமகளும் கையெழுத்திடுகிறாள். அங்கே யாருடைய மார்க்கமும் கெட்டுப்போகவில்லை.

சீதன வீட்டு உறுதியில் ஒப்பம் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன் கல்யாணத்தில் மட்டும் கை வலிக்குமா?

நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த, இந்தச் சட்டத்துக்கான சீர்திருத்தக் குழுவின் அறிக்கை 2018இல்தான் வந்தது. அதன்பிறகும் இழுபறிதான். எனக்கு இதில் கோபம் உண்டு.

அடுத்த கல்யாணம் வரும்போது, பந்தலுக்குக் கால் நடுமுன் பதிவாளரைப் பாருங்கள். பெண்ணின் சம்மதத்தைத் தனித்தாளில் எழுதி, அவளே ஒப்பமிட்டு, சாட்சிகளோடு பத்திரப்படுத்துங்கள். பதிவுப் படிவத்தில், பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலிக்கான கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். நாளைக்கு ஏதும் நேர்ந்தால், காதி நீதிபதியிடம் அதைத் திருப்பிக் கேட்க அந்த எழுத்துத்தான் உதவும். சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சாச்சாவையே கூப்பிடுங்கள்.