வயிற்றுக்காரர்

சென்னீர்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் உப்பா, பைக் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள். வயிற்றுக்காரர் நேராகப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார். எத்தனை குடித்தனத்துக்குப் பொது, மோட்டார் போடுவது யார் பொறுப்பு, கரண்ட் போனால் டேங்கில் எவ்வளவு நிற்கும் என்று விசாரணை முடிந்த பிறகுதான் சமையலறை எந்தப் பக்கம் என்றே கேட்பார். ஹவுஸ் ஓனர் அம்மா கொஞ்சம் மிரண்டுதான் போவார்.

பார்க்க ஆள் திடகாத்திரம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்கேன், ரத்தம், மலம், கேமரா வைத்த குழாய் எல்லாம் ஆயிற்று. ‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்த அன்று மனுஷர் உடைந்து போய்விட்டார். “நார்மல்னு சொல்றதுக்கா சார் இவ்ளோ பில்லு?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. குடல் சுவரில் மட்டுமே 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் மூளைக்கும் நடக்கிற பேச்சுவார்த்தையில்தான் தகராறு. இந்த நோயை நிச்சயிக்க ரோம் விதிகள் என்று இருக்கின்றன, நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிறு வலிக்க வேண்டும். வெளிக்குப் போவது, போகிற தடவை மாறுவது, பதம் மாறுவது இந்த மூன்றில் இரண்டோடாவது அந்த வலிக்குச் சம்பந்தம் இருக்க வேண்டும். பூந்தமல்லி வயிற்றுக்கு ரோமாபுரியின் பேரில் சட்டம் இருக்கிறது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

வயிறு கிளம்பிவிட்ட நாளில் வீட்டுக்கு வைத்தியர்கள் தானாக வருவார்கள். அம்மா ஓமத் தண்ணீர். மாமியார் போனிலேயே சுண்டைவற்றல் பொடி. பக்கத்து வீட்டு அக்கா மாதுளைத் தோல் கஷாயம். மாடி வீட்டு ரிட்டயர்டு சார் மோரில் வெந்தயம். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர், நாலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். மறுநாள் அடங்கினால் நாலு பேருமே ‘நான்தான் சொன்னேன்ல’ என்பார்கள். அடங்காவிட்டால் மற்ற மூன்றுதான் காரணம்.

நிஜ வைத்தியம் பார்ப்பது அவர் மனைவி. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 வாக்கில் முன்வைத்த உணவுமுறையை எங்கோ படித்துப் பிடித்துக்கொண்டார். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி, பெருங்குடலில் புளித்து வாயு கிளப்புகிற சர்க்கரைச் சத்துகளைக் கொஞ்ச நாள் விலக்கி வைப்பது அதன் சாரம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், மாம்பழம் எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தன. அரிசி வரவில்லை. ‘வயிறு சரியில்லையா, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி போதும்’ என்று பத்து வருஷமாக ஊரே சொன்ன அறிவுரை அன்றோடு செத்தது. சாதத்தின் மேல் விழுந்த பழி நீங்கியதில் எனக்கே ஒரு திருப்தி.

பூண்டுக்கும் அந்தம்மா வழி கண்டுபிடித்தார். வில்லங்கம் பண்ணுகிற சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் வதக்கி, வாசம் இறங்கியதும் பல்லையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் பூண்டு இல்லாத பூண்டு ரசம். இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. விலக்குகிற பாதி எல்லோருக்கும் சுலபமாக வருகிறது. இவர் பால் பாக்கெட்டை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. இசப்கோல் விஷயத்தில் நேர்மாறு. கொஞ்சமாகத் தொடங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, மெல்ல ஏற்ற வேண்டிய அந்த உமியை முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டுவிட்டு மறுநாள் லீவு சொன்னார்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சங்கேதமும் உண்டு. 1997இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இரண்டு மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து எழுதினார்கள்: 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 7 என்றால் வெறும் தண்ணீர், 4 என்றால் தெய்வ சங்கல்பம். கம்பெனியிலிருந்து அவர் போனில் ‘6’ என்று மட்டும் அனுப்புவார். இந்தப் பக்கம் சாம்பார் அடுப்பிலிருந்து இறங்கி, மோர் சாதமும் வெந்நீர்ப் பையும் தயாராகும். ரத்தம் போனாலோ, எடை தானாக இறங்கினாலோ, நடுராத்திரி தூக்கத்திலிருந்து வயிறு எழுப்பினாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நேராக டாக்டர்தான் என்று காலண்டரின் பின்பக்கம் அந்தம்மா கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவு பத்தியமும் ஞாயிற்றுக்கிழமை தேவைப்படாது என்பதுதான் வேடிக்கை. வீட்டில் இருக்கிறார், பாத்ரூம் பத்தடியில், டேங்க் நிறைய தண்ணீர். வயிறு மூச்சு விடாது. திங்கட்கிழமை கம்பெனி பஸ் திருமழிசையைத் தாண்டினதும் கடமுடா. மோட்டார் ரிப்பேர் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னாலே இரண்டு தடவை போய்விட்டு வருவார். மாத்திரையும் புதினா எண்ணெய்க் குளிகையும் செய்ததைவிட, செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் சாவி வைத்திருக்கும் பையனைச் சிநேகம் பிடித்தது அதிகம் குணமாக்கியது என்பேன். அவன் இருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியே வரவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரைக்குமான மெட்ரோ பற்றி ஊரே டிக்கெட் எவ்வளவு, நிலம் எவ்வளவு ஏறும் என்று பேசினால், இவர் ஸ்டேஷனில் கழிவறை டிக்கெட் வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பார்.

போன முகூர்த்தத்தில் குமணன்சாவடிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் கடைசி வரிசை, வாசலோர நாற்காலி. அதுதான் அவர் நிரந்தர இடம். அன்றைக்கு அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். இலையில் வெங்காயப் பச்சடி தொடாமல் கிடந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“சார், இன்னைக்கு எத்தனை?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அஞ்சு. காலைல ஆறு.”

“பரவால்லையே. பாயசம் மட்டும் விட்ருங்க சார், பால்.”

“ரெண்டு கப் ஆச்சு. நீங்க இந்தச் சேர்ல உக்காந்துக்கோங்க, நான் போய்ட்டு வந்துர்றேன்.”