பின்னோக்கிப் போக ஒரு பொத்தான்

கேள்வி: ‘பிரைமர்’ என்னும் காலப்பயணப் படத்தை டிவிடியில் பார்த்தால் மட்டுமே புரியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஷேன் கருத் ஏறத்தாழ 7,000 டாலர் செலவில் எழுதி, இயக்கி, நடித்து, தொகுத்து, இசையும் அமைத்து, 2004-இல் சண்டான்ஸ் விழாவின் நடுவர் பரிசைப் பெற்ற இந்த 77 நிமிட அமெரிக்கப் படத்தில், வசனத்தைத் தவிர மற்ற அனைத்திலும் சிக்கனம் தெரிகிறது. இதன் காலப்பொறி, அதாவது ஆள் படுக்குமளவு பெரிய பெட்டி, தான் இயக்கப்பட்ட நொடிக்கு முன்னால் எவரையும் கொண்டுசெல்லாது. காலையில் அதை இயக்கிவிட்டு விடுதி அறையில் ஒளிந்திருந்து, அன்றைய பங்கு விலைகளை அறிந்துகொண்டு மாலையில் உள்ளே நுழைபவர், ஆறு மணி நேரம் பின்னே செல்ல ஆறு மணி நேரமும் அதற்குள் படுத்துக் கிடந்தாக வேண்டும். அப்படி வெளிவருபவர் பங்கு வாங்கப் புறப்படும்போது அவருடைய முந்தைய நகல் இன்னும் விடுதியில் இருப்பதால், எந்தக் காட்சியில் எந்த நகல் பேசுகிறது என்பதே படத்தின் மர்மமாகிறது. திரையரங்கில் இதைத் தவறவிட்டவர் தவறவிட்டவர்தான். 2005-இல் டிவிடி வந்தபின், கதைமாந்தர் ஆறு மணி நேரம் முடங்கிச் செய்ததைப் பார்வையாளர் சாய்ந்தபடி ஒரு பொத்தானில் செய்ய முடிந்தது. ஆனால் மூன்றாம் முறை பார்த்தவருக்கும் முதல் முறை பார்த்தவருக்கும் கருத்து வேறுபாடு வருகிறது, இருவரும் ஒருவராகவே இருந்தாலும்.