உள்துறை அமைச்சுக்கு ஒரு கலியாணக் கடிதம்

அனுப்புநர்: ஈஸ்ட்ஹாமில் வாழும் தமிழன் ஒருவன்
பெறுநர்: பிரித்தானிய உள்துறை அமைச்சு, லண்டன்
பொருள்: கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிக்க அனுமதி கோரல்

மதிப்பிற்குரிய கலியாணத் தரகர் அவர்களுக்கு,

இப்படி அழைப்பதற்குக் கோபிக்க வேண்டாம். மாப்பிள்ளையின் சம்பளத்தைத் துருவித் துருவி விசாரிக்கிறவரை எங்கள் ஊரில் தரகர் என்றுதான் சொல்லுவோம். ஆனால் எங்கள் தரகர் உங்கள் கால்தூசுக்கும் வரமாட்டார். அவர் சாதகத்தைப் பார்த்ததோடு எழும்பிவிடுவார். நீங்களோ ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் அருகருகே வைத்துப் பொருத்தம் பார்க்கிறீர்கள். அதுவும் தாலி கட்டிய பிறகு.

ஊரிலிருக்கும் மனைவியை இங்கே அழைக்க, பொருத்தத்துக்கான வருட வருமானம் 2012இல் 18,600 பவுண். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினீர்கள். 2025 ஏப்ரலில், 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். வாரம் 40 மணித்தியாலம், 52 வாரமும் முறிந்து வேலை செய்தாலும் அந்தக் கூலியில் 25,397 பவுண்தான் தேறும். ஒருவர் வாழ இந்தக் கூலி போதும். மனைவியோடு வாழப் போதாது என்பது அரசின் கணக்கு. மனைவி யாழ்ப்பாணத்தில் வங்கி முகாமையாளராக இருந்தாலும் அங்கே அவர் உழைப்பது கணக்கில் சேராது. சம்பளம் இல்லாதவர் 88,500 பவுண் சேமிப்பைக் காட்டலாம் என்றும் பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறீர்கள்.

சீதனம் வேறு. 2025 ஏப்ரல் நிலவரப்படி விசாக் கட்டணம் 1,938 பவுண், சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண். ஊரில் சீதனத்தை மாப்பிள்ளை வீட்டார் வாங்குவார்கள். இங்கே தரகரே வாங்கிக்கொள்கிறார். சம்பந்தம் சரிவராதென்று நீங்கள் மறுத்துவிட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பிவரும், விசாக் கட்டணம் வராது.

அம்மாவை அழைப்பதற்கு நீங்கள் வகுத்த விதி இன்னும் அழகு. அவருக்குக் குளிக்கவோ உடுக்கவோ சமைக்கவோ ஏலாமல் இருக்கவேண்டும். பராமரிப்பு ஊரில் கிடைக்கக் கூடாது. கிடைத்தாலும் பிள்ளை அனுப்பும் காசுக்கு எட்டக் கூடாது. அதே பிள்ளையிடம், அரச உதவியின்றி அம்மாவை லண்டனில் வைத்துப் பார்க்கக் காசு இருக்கவேண்டும். அம்மாவுக்கோ கொழும்பில் விமானம் ஏறும் தெம்பு மட்டும் மிச்சமிருக்கவேண்டும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்டு விளங்கிக்கொள்வது? குடிவரவு விதிகள் 1,100 பக்கங்களைத் தாண்டிவிட்டன, சிக்கலாகிவிட்டன என்று சட்ட ஆணைக்குழு 2020இல் அறிக்கை தந்தது. நீங்களே கேட்டு எழுதுவித்த அறிக்கை அது. முன்பு கையில் காசில்லாதவருக்கு அரச செலவில் சொலிசிற்றர் கிடைத்தார். 2013 ஏப்ரலிலிருந்து குடும்ப விசாவுக்குப் பொதுவாக அந்த உதவி இல்லை. அது நீதி அமைச்சின் வேலை என்று கைகாட்டுவீர்கள். உண்மைதான், ஆனால் பிழையாக நிரப்பிய விண்ணப்பம் வந்து விழுவது உங்கள் மேசையில்.

உதவி இல்லாவிட்டால் மனித உரிமை மீறப்படும் என்று காட்டினால் விதிவிலக்காக நிதி கிடைக்கும். அதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அதை ஒழுங்காக எழுத ஒரு சொலிசிற்றர் வேண்டும். சரி, கோயில் மண்டபத்தில் மேசை போட்டு நாங்களே இலவசமாகச் சொல்லிக்கொடுப்போம் என்றால், பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை நிலையம் நடத்துவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போலி ஆலோசகர்களிடமிருந்து சனத்தைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் இலவசச் சொலிசிற்றரை எடுத்துவிட்டால், காசில்லாத சனம் போலிகளிடம் போகாமல் வேறு எங்கே போகும்?

ஆகவே தரகர் அவர்களே, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை செய்கிறவர் தானே வாசித்து விளங்கும்படி விதிகளைச் சுருக்கி எழுதுங்கள். அது ஏலாதென்றால், அவற்றை விளக்கிச் சொல்லும் சொலிசிற்றருக்கு அரசே காசு கொடுக்கட்டும். விளங்காத விதியை எழுதிவிட்டு, விளக்குகிறவரையும் பறித்துக்கொள்வது நீதியாகாது.

இப்படிக்கு,
வரியை ஒழுங்காகக் கட்டிவரும் ஒரு குடிமகன்