மூணுல ஒண்ணு தூங்குது, மருமவனே

வாரும் மருமவனே, வந்து திண்ணையில உக்காரும். புளியரை ஏத்தத்துல ஒம்ம வண்டி முக்கிக்கிட்டு நின்னதையும், பின்னால வந்த லாரிக்காரன் இறங்கி வந்து துக்கம் விசாரிச்சதையும் நீரு சொல்லுததுக்கு முந்தியே ஊரு சொல்லிட்டு. வெக்கப்படாதேயும். பழைய கார் வச்சிருக்கவன் ரோட்டுல நாலு பேரைச் சம்பாதிக்கது சகசந்தான்.

இதுவரைக்கும் என்னென்ன மாத்துனீரு, சொல்லும் பாப்போம். பெட்ரோல் பம்ப் புதுசு. பேட்டரி புதுசு. கார்புரேட்டரைக் கழத்திக் கழுவியாச்சு. சீட் கவரும் புதுசு. இன்ஜின் நடுநடுவுல வெட்டுத மிஸ்ஸிங்குக்கு அது ரொம்ப விசேசம், நின்ன எடத்துல சொகுசா உக்காந்திருக்கலாம்லா. இப்பம் ஒர்க்‌ஷாப்காரரு, பிஸ்டன் ரிங் போயிட்டு, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைஞ்சு போர் எடுக்கணும்னு சொல்லிட்டாரு. எதை வச்சிச் சொன்னாருன்னு கேட்டீரா? கேக்கலை. பொண்ணு பாக்கப் போனப்பம் மட்டும் அவங்க கொள்ளுப்பாட்டிக்குச் சக்கரை உண்டாங்கிற வரைக்கும் விசாரிச்சீரு!

ஒம்ம மாருதி 800 கார்புரேட்டர் வச்ச பழசு. 1983 டிசம்பர்ல இந்திரா காந்தி கையால முதல் வண்டிச் சாவி கைமாறுச்சு. 2014 சனவரியோட இந்த வண்டியச் செய்யதையே நிறுத்திட்டாங்க. நடுவுல 2000 வாக்குல இன்ஜெக்‌ஷன் வந்து கார்புரேட்டர் ஒழிஞ்சிட்டு. ஒம்மது அதுக்கு முந்தி பொறந்தது. மூளைன்னு ஒரு டப்பா அதுல கெடையாது. வயரைச் சொருகி, என்ன சீக்குன்னு கேட்டா பதில் வராது. நீருதான் காதை வச்சிக் கேக்கணும். அதுக்குத்தான் ஒமக்கு நேரமில்ல. பாட்டுப்பெட்டி அலறுத அலறுல இன்ஜின் இருக்கதே தெரியாதே.

மொத்தம் 796 சிசி, மூணே சிலிண்டர், 40 குதிரைக்குள்ள சக்தி. மூணுல ஒண்ணு நெருப்பு எரியாமத் தூங்கிட்டா மூணுல ஒரு பங்கு சக்தி போச்சுன்னு கணக்குப் போடுவீரு. அதுக்கு மேலயும் போகும். தூங்குத சிலிண்டருக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் போய்க்கிட்டேதான் இருக்கும், அதையும் மத்த ரெண்டுந்தான் சொமந்து சுத்தணும். நெல்லையப்பர் தேரை இழுக்க வந்தவன் வடத்தப் பிடிச்சுத் தொங்குனா மத்தவனுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கததான்.

அதனால மொதல்ல கேக்க வேண்டியது, எந்தச் சிலிண்டர்? கடைக்குப் போறது அப்புறம். வண்டிய ஐடிலிங்ல ஓடவிட்டு, பிளக் வயரை ஒண்ணொண்ணா புடுங்கிப் பாரும். புடுங்குன ஒடனே இன்ஜின் தடுமாறிச் சத்தம் இறங்குச்சுன்னா அவன் உழைக்கிற ஆளு, வயரைத் திரும்ப மாட்டும். புடுங்கியும் சத்தத்துல ஒரு மாத்தமும் இல்லியா, அவனேதான் நம்ம ஆளு. வெறுங்கையால தொடாதேயும், அதுக்குள்ள ஓடுதது பல ஆயிரம் வோல்ட். நல்ல ரப்பர் பிடி போட்ட கொறடு வேணும். புடுங்குன வயரை அந்தரத்துல தொங்க விடக்கூடாது. பழைய பிளக் ஒண்ண அதுல மாட்டி, அதோட ஒடம்பு இன்ஜின்ல படும்படி வைக்கணும். இல்லைன்னா கரண்ட் போக்கிடம் தெரியாம காயில உள்ளுக்குள்ளயே பொசுக்கிரும். கை நடுங்குச்சுன்னா (நடுங்கும், எனக்குத் தெரியும்) இன்ஜினை நிறுத்திட்டு வயரை மாத்தி மாட்டி, அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக் கேளும். அதுவும் முறைதான், ஒண்ணும் மானக்கேடு இல்ல.

ஆளைக் கண்டுபிடிச்சாச்சா? இப்பம் பிளக் மூணையும் கழத்தி, 1, 2, 3-ன்னு வரிசை மாறாம ஒரு துணியில வையும். பிளக்கு பொய் சொல்லாது, ஒர்க்‌ஷாப் பில்லு மாதிரி கெடையாது அது. மூக்கு வெளுத்த காப்பி நெறத்துல இருந்தா குத்தமில்ல. உலந்த கரி அப்பியிருந்தா பெட்ரோல் கூடுதலாப் போகுது, சோக்கு மாட்டிக்கிட்டிருக்கும், இல்ல ஏர் ஃபில்டர்ல எலி குடும்பம் நடத்தும். சுண்ணாம்பா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலை. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா அங்கன தீப்பொறியே வரலை. இன்ஜின் ஆயில்ல நனைஞ்சிருந்தாத்தான் ஒம்ம ஒர்க்‌ஷாப்காரரு சொன்ன ரிங்கு மேல சந்தேகம் வரணும், அப்பவும் வால்வு சீலா இருக்கலாம்.

தூங்குத சிலிண்டரோட பிளக்க எடுத்து உழைக்கிற சிலிண்டர்ல போட்டு, உழைக்கிறதோட பிளக்கத் தூங்குததுல போடும். தூக்கம் பிளக்கு கூடவே எடம் மாறிப் போச்சுன்னா பிளக்குதான் கெட்டது. போகலைன்னா வயரை மாத்திப் பாரும். செலவு? ஒரு பைசா இல்ல. அதனாலதான் ஒருத்தரும் இதைச் செய்யதில்ல. வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் திரும்பச் சொருகுதப்ப மட்டும் புத்தி அங்கன இருக்கணும். இதுல நெருப்பு விழுத வரிசை 1-3-2. ரெண்டையும் மூணையும் மாத்திச் சொருகிட்டு, வண்டி முன்னைக்கு மோசமாயிட்டேன்னு என்கிட்ட வந்து நிக்காதேயும்.

இருட்டுனதுக்குப் பொறவு பானெட்டைத் தொறந்து வச்சு, இன்ஜினை ஓடவிட்டு, வெளக்கெல்லாம் அணைச்சிட்டுப் பாக்கணும். வயசான வயர்னா ஒடம்பெல்லாம் நீலப்பொறி ஓடும். பிளக்குக்குப் போக வேண்டியது வழியிலயே இறங்கிருது. மழைக்காலத்துல மட்டும் சண்டித்தனம் பண்ணுத வண்டி முக்காவாசி இந்தச் சாதிதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழத்தி உள்ள பாரும். தலைமுடி கனத்துல கருப்புக் கோடு ஓடுச்சுன்னா அது விரிசல். மூடி விலை ஒம்ம சீட் கவர்ல கால்வாசி வராது. சிபி பாயின்ட் வச்ச வண்டியா இருந்தா அது தீஞ்சு குழி விழுந்திருக்கான்னு பாக்கணும். அடிக்கடி தீஞ்சா கண்டன்சர் போயிட்டுன்னு அர்த்தம்.

இனி நுணுக்கமான சோலி. வண்டி கொஞ்ச தூரம் நல்லா ஓடுது, அப்புறம் மூச்சு முட்டி நிக்கி, கால்மணி நேரம் ஓரமா போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடுது. ஒம்ம சீக்கும் இதேதானே? இதுக்கு மூணு காரணம் உண்டு, மூணும் வெளியில பாக்க ஒண்ணாத்தான் தெரியும். ஊரே ஏமாறுத எடம் இது.

வண்டி நின்ன நிமிசத்துல போயி பெட்ரோல் டாங்கு மூடியக் கழத்தும். உஸ்னு காத்து உள்ள இழுத்துதா? அப்பம் மூடியில காத்து போற வழி அடைச்சிருக்கு. பெட்ரோல் வெளிய போகப் போக உள்ள காத்து நுழையணும். நுழையலைன்னா டாங்கே எதிர்ப்பக்கம் பிடிச்சு இழுக்கும். ஒம்ம புது பம்ப் இல்ல, அதுக்கு அப்பன் பம்ப் வச்சாலும் உறிஞ்சாது. உஸ்னு கேக்கலைன்னா பழைய பிளக்க வயர்ல மாட்டிப் பொறி வருதான்னு பாக்கணும். சூட்டுல பொறி செத்துப்போயி, ஆறுன பொறவு வந்துச்சுன்னா ஹெச்.டி. காயில்தான் கள்ளன். பொறியும் நல்லா இருக்கு, மூடியும் நல்லா இருக்கு, சித்திரை வெயில்ல மட்டும் நிக்கின்னா பெட்ரோல் குழாயிலயே கொதிச்சு ஆவியா அடைச்சிக்கிடுது. பம்ப் மேல ஈரத்துணியப் போட்டு ஒடனே எந்திரிச்சா நோய் அதுதான். அம்பாசிடர் காலத்து டிரைவருங்க துணியும் தண்ணிக் கேனும் இல்லாம மலை ஏற மாட்டாங்க. நீரு வாசனைப் பாட்டில் வச்சிருக்கீரு.

வெட்டுத விதத்தையும் கவனியும். படக்குனு சுவிட்சை அணைச்ச கணக்கா வெட்டுனா கரண்ட் சோலி. மெல்ல மெல்ல சோந்து, காலை எடுத்தாச் சரியாகி, மிதிச்சா மறுபடி சோந்தா பெட்ரோல் சோலி. ஃபில்டர், டாங்குத் துரு, கார்புரேட்டர் ஜெட்டு எல்லாத்தையும் பாரும். ஐடிலிங்ல குதிச்சு, வேகத்துல நல்லாப் போச்சுன்னா கார்புரேட்டருக்கு அடியில எங்கனயோ கள்ளக்காத்து ஏறுது. சின்ன ஓஸை ஒண்ணொண்ணா அமுக்கிப் பாரும், சத்தம் மாறுத எடத்துல ஓட்டை.

பெட்ரோல் சோலியில இன்னொண்ணும் உண்டு. பங்க்ல இப்பம் ஊத்துத பெட்ரோல்ல 20 சதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. அதுக்குச் சூடு பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. புது வண்டி பதமறிஞ்சு கூடக் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக்கிடும். ஒம்ம கார்புரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது, ஜெட்டு ஓட்டை அன்னைக்கு உள்ளதுதான். கலவை மெலிஞ்சுதான் போகும். பழைய ரப்பர் ஓஸையும் எத்தனால் ஊற வச்சிக் கெடுக்கும், தண்ணியையும் இழுத்து வச்சிக்கிடும். மாசக்கணக்கா நிறுத்திப்போட்டு எடுக்கிற வண்டிக்கு இது ஆகாது. ஓஸை மாத்தும், சரி. அதுக்காக டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒடஞ்சதுக்கும் எத்தனாலைத் திட்டிக்கிட்டுத் திரியாதேயும்.

மிஸ்ஸே அடிக்கலை, இழுவை மட்டும் இல்லைன்னா இன்ஜினைத் தொடுததுக்கு முந்தி சக்கரத்தைத் தொடும். ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாம சுட்டா பிரேக் பிடிச்சபடியே ஓடுது. ஏத்தத்துல இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. இது ரெண்டுக்கும் போர் எடுத்த புண்ணியவானும் ஊருக்குள்ள உண்டு, பேரு வேண்டாம்.

இவ்வளவுக்கும் சரியாகலைன்னா கம்ப்ரெஷன் பாக்கணும். இன்ஜினைச் சூடாக்கி, பிளக் மூணையும் கழத்தி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா அளக்கச் சொல்லும். மூணு நம்பரும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் கீழ கெடந்தா, அந்த ஓட்டையில ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்ப அளக்கணும். நம்பர் ஏறுச்சுன்னா ரிங்கு. ஏறலைன்னா வால்வு, டேப்பட் இறுகிப் போயி வால்வு உக்காராமக்கூட இருக்கும், அதுக்கு ஃபீலர் கேஜும் அரைமணி நேரமும் போதும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சேந்து இறங்கியிருந்தா ஹெட் கேஸ்கெட். மூணுமே ஒண்ணா இறங்கியிருந்தா டைமிங் பெல்ட் பல்லு தாவியிருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுத்த பேச்சு.

ஒர்க்‌ஷாப்காரருகிட்ட அந்த மூணு நம்பரையும் ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லும். எழுதிக் கொடுத்தாருன்னா இன்ஜினை இறக்கட்டும், நானே வந்து பூசை போடுதேன். கேஜே இல்ல, அனுபவத்துல சொல்லுதேன்னாருன்னா வண்டிய எடுத்துக்கிட்டு வந்திரும். அதுவரைக்கும் ஒரு சாமானும் வாங்காதேயும். வாங்கியே தீரணும்னு கை அரிச்சா பெட்ரோல் ஃபில்டர் ஒண்ணு வாங்கும், அது எப்படியும் மாத்த வேண்டியதுதான்.