மருமவன் வாங்குன மிலிட்டரி வண்டி

எய்யா மருமவனே, அந்த வாளியை இப்படிக் கவுத்திப் போடு, உக்காந்துக்கிடுதேன். நேத்துல இருந்து இடது முழங்கால் ஒரு மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கு. வேற ஒண்ணுமில்ல, உங்க இங்கிலாந்து வில்ட்ஷயர் குளிர். கோயில்பட்டி வெயில்ல காஞ்ச கட்டை, தாங்குமா?

போன வாரம் உங்கம்மா போன் பண்ணுனா. "தம்பி, பய பீரங்கி வாங்கி வாசல்ல நிப்பாட்டியிருக்கானாமே, என்னன்னு விசாரி"ன்னா. பீரங்கி இல்லக்கா, கவச வண்டி, பேரு ஃபெரட்டுன்னேன். அப்படின்னா என்னன்னா. நம்ம கீரிப்பிள்ளை சாயல்ல ஒரு பிராணி, இந்த ஊர்ல முயல் வளைக்குள்ள விட்டு முயலை விரட்டுவாகன்னேன். "கீரிப்பிள்ளைக்கா இத்தனை லட்சம்?"னு கேட்டா பாரு ஒரு கேள்வி. சிக்னல் சரியில்லைன்னு போனை வச்சுட்டேன்.

நான் உன்னைக் கண்டிக்க வரலைலே. தாய்மாமனுக்குத் தாய்மாமன், பொண்ணு குடுத்த மாமனாருக்கு மாமனார். ரெண்டு பேருல ஒருத்தன் ஏசணும், ஒருத்தன் பரிஞ்சு பேசணும். ரெண்டுக்கும் ஒரே ஆளு நானுங்கிறதுனால ஏசிக்கிட்டே பரிஞ்சு பேசுதேன், கேட்டுக்கோ.

ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் வச்ச வண்டி வருதுன்னு என் மவகிட்டச் சொன்னியாமே? அவ பாவம், பட்டுச்சேலை எடுத்து வச்சுட்டு வாசல்ல நின்னிருக்கா. வந்து இறங்குனது ஜன்னல் இல்லாத இரும்புப் பொட்டி. நீ சொன்னது பொய்யின்னும் சொல்ல முடியாது. பி-60ன்னு ஆறு சிலிண்டர், 4.26 லிட்டர், ரோல்ஸ் ராய்ஸ்காரன் வடிச்சதுதான். கவென்ட்ரியில டெய்ம்லர் கம்பெனி 1952ல இருந்து 1971 வரைக்கும் இந்த வண்டியை 4,409 எண்ணம் செஞ்சு விட்டிருக்கு. அதுல ஒண்ணு உன் தலையில எழுதியிருக்கு, சரி. ஆனா டாங்கு நிறைய 96 லிட்டர் ஊத்துனா 300 கிலோமீட்டர்தான் போகும்ங்கிறதை அவகிட்ட ஏன் சொல்லலை? லிட்டருக்கு மூணு! நம்ம ஊரு செக்கு மாடு இதைவிடச் சிக்கனமாச் சுத்தும்லே.

அடுத்த தெருக்காரர் மாதிரி ஒரு லேண்ட்ரோவரை வாங்கியிருக்கலாமேன்னு அவ அங்கலாய்க்கா. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. 1948ல லேண்ட்ரோவரைக் கொண்டுவந்தப்போ உலகச் சண்டை முடிஞ்ச கையோட நாட்டுல இரும்புத் தகடு தட்டுப்பாடு. மேல்பாகத்தை அலுமினியத்துல அடிச்சு, கீழ சேஸை மட்டும் இரும்புல செஞ்சான். இன்னைக்கு வாங்கப் போறவன் மேல பாக்கான், தகதகன்னு இருக்கு. குனிஞ்சு சேஸை ஒரு தட்டுத் தட்டுனா சுத்தியல் உள்ள போயிருது. மேல சலவை வேட்டி, உள்ள கோமணம் கிழிசல். எட்டயபுரம் சந்தையில மாடு பிடிக்கப் போனா கொம்புல அடிச்ச வர்ணத்தையா பாப்போம்? பல்லைப் பிடிச்சுப் பாப்போம், வாலைத் தூக்கிப் பாப்போம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்போம். அதே மாதிரி கீழ படுத்துப் பாரு. சேஸ்ல புதுசாக் கறுப்புப் பெயிண்ட் மினுமினுன்னு இருந்தா ரெண்டு தட்டுக் கூடத் தட்டு.

அதுலயே மிலிட்டரிக்குன்னு ஒரு சாதி உண்டு. 1968ல வந்தது, பேரு லைட்வெயிட். ஹெலிகாப்டர்ல கட்டித் தூக்கணும்னு செஞ்சான். செஞ்சு முடிச்சு நிறுத்தா, சாதாரண லேண்ட்ரோவரைவிடக் கனம்! கதவு, மேல்மூடி, பம்பரு எல்லாத்தையும் கழட்டி வச்சாத்தான் இலேசாகும். பாதி மூட்டையை இறக்கிப்போட்டுட்டு, பாரு மாடு எப்படி இழுக்குதுன்னானாம் ஒருத்தன்.

நீ ராத்திரி படுக்கையில போன்ல படம் பாத்துக்கிட்டு இருக்கியே ஆஸ்டின் சாம்ப், அது இன்னும் விசேஷம். அதுக்கும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின். முன்னாடி போக 5 கியர், பின்னாடி வரவும் 5 கியர். மூக்குக்குழாயை நிமுத்துனா ஆத்துக்குள்ள முங்கிக்கிட்டே போகும். எல்லாம் சரிதான், விலைதான் ஏணி வச்சாலும் எட்டாது. 10,000த்துக்கு மேல செஞ்சு பாத்துட்டு, நமக்கு அந்தச் சம்சாரி ஓட்டுத லேண்ட்ரோவரே போதும்னு மிலிட்டரிக்காரனே கையைக் கழுவிட்டான். ஒரு சர்க்காரு கட்டுபடியாகாதுன்னு விட்ட வண்டி, மாசச் சம்பளக்காரன் உனக்குக் கட்டுபடியாகுமான்னு நான் கேக்கலை. என் மவ கேப்பா, பதிலை யோசிச்சு வச்சுக்கோ.

இந்தா, இந்த ஸ்பேனரைப் பிடி. ஊர்ல இருந்து பெட்டியில வச்சுக் கொண்டாந்தேன், முறுக்குக்கும் அரிசி வடகத்துக்கும் நடுவுல. நம்ம கிணத்து லிஸ்டர் எஞ்சின் ஸ்பேனர். அதுவும் இந்த நாட்டுப் பிறப்புதான், டர்ஸ்லிங்கிற ஊரு. பத்து வயசுல இருந்து அந்த எஞ்சினுக்கு ஹாண்டில் சுத்துன கை இது. தாய்வீட்டுக்கு வந்த ஸ்பேனராச்சே, உன் வண்டிக்குச் சேரும்னு நம்பி மாட்டுனா, சேரலை! என்னடான்னு உன் மேனுவலைப் புரட்டுனாத்தான் விஷயம் தெரியுது. லிஸ்டர் பழைய விட்வொர்த் மரை. சண்டை நேரத்துல அமெரிக்காக்காரன் போல்ட்டுக்கு இங்கிலீஷ்காரன் நட்டு சேராம சீரழிஞ்சிருக்காக. அதனால 1948ல அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூணும் கூடி உக்காந்து, இனிமே எல்லாருக்கும் ஒரே மரைன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. உன் ஃபெரட் அந்தப் புது மரையில பிறந்தது. மூணு தேசம் பேசி முடிச்ச காரியத்தை நீ ஒரு 13ம் நம்பர் மெட்ரிக் ஸ்பேனரை வச்சுக் கெடுத்துட்ட. அரை இஞ்சு நட்டுல அது சேரும்போல இருக்கும். அரை இஞ்சுன்னா 12.7 மில்லிமீட்டர். அந்த இத்துனூண்டு ஆட்டத்துலதான் நட்டோட மூலை அத்தனையும் மழுங்கிப்போய் நாவப்பழம் மாதிரி உருண்டையா நிக்கு. தடவிப் பாரு.

அடுத்து, போன ஞாயித்துக்கிழமை தார் ரோட்டுல அவ்வளவு தூரம் ஒரே ஓட்டமா ஓட்டிட்டு வந்து, கீழ ஏதோ 'டக்'குன்னு சத்தம் கேக்குன்னியே, அது என்னன்னு நினைக்க? சின்ன வயசுல களத்துல பிணையல் பத்துனது ஞாபகம் இருக்கா? உள்மாடு நின்ன இடத்துலயே திரும்பும், வெளிமாடு ஓடி வரணும். ரெண்டும் ஒரே வேகத்துலதான் போகணும்னு நீ அடம் பிடிச்சா கயிறு கழுத்தை நெரிச்சிரும். ஃபெரட்டுல இடத்துக்கும் வலத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இருக்கு. ஒரே பக்கத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல கிடையாது. வளைவுல முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம் போகும். காட்டுப் பாதையில ஏதாவது ஒரு டயரு சறுக்கி அந்தக் கணக்கை நேர் பண்ணிக்கிடும். தார் ரோடு விடுமா? முறுக்கு பூரா உள்ள இருக்குத ஷாப்டுலயும் பெவல் பாக்ஸ் பல்லுலயும் ஏறி உக்காந்துக்கிடும். அப்பப்போ ஓரத்துப் புல்லுல இறக்கி ஓட்டு. இல்ல, நடைபாதைக் கல்லுல ஒரு சக்கரத்தை ஏத்தி இறக்கு. நாலு டயரும் ஒரே தேய்மானமா இருக்கணும். ஒண்ணு புதுசு, மூணு பழசுன்னு போட்டியானா நேர் ரோட்டுலயே முறுக்கிக்கிடும்.

இப்போ சொல்லப்போறதைச் சிரிக்காம கேளு. சக்கரத்துல ரெண்டு வட்டமா நட்டு இருக்கு பாரு. உள்வட்டம் சக்கரத்தை வண்டியோட பிடிச்சிருக்கு. வெளிவட்டம் சக்கரத்தோட ரெண்டு பாதியையும் ஒண்ணாச் சேத்துப் பிடிச்சிருக்கு. இந்த வெளிவட்டத்துக்கு அந்தக் காலத்துலயே சிவப்பு அடிச்சு வச்சிருப்பாக. டயருல காத்து இருக்கும்போது சிவப்பைத் தொட்டவன் மூஞ்சியில பாதிச் சக்கரம் வந்து விழும். அதுல செத்தவன் உண்டு. நீ என்னடான்னா லட்சணமா இருக்கட்டும்னு அதுக்கும் சேத்துப் பச்சை அடிச்சு வச்சிருக்க. நாளைக்கு இன்னொருத்தன் வந்து எது எதுன்னு தெரியாமத் திருகுவானா மாட்டானா? மத்த வேலை எல்லாம் கிடக்கட்டும், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு டப்பா சிவப்பு வாங்கிட்டு வா. நானே அடிச்சுத் தாரேன். சக்கரத்தைப் பிரிக்கணும்னா வால்வு ஊசியைக் கழட்டிக் காத்தை முழுசா இறக்கு, அதுக்கப்புறமும் ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறு. பழைய பிரேக் லைனிங் தூசியை வாயால ஊதாதே, அது கல்நார்.

பச்சைன்னதும் ஞாபகம் வருது. அன்னைக்கு ஒரு மைதானத்துல வண்டிகளை எல்லாம் வரிசையா நிப்பாட்டியிருந்தாகளே, அங்க ரெண்டு பேரு மணிக்கணக்காச் சண்டை போட்டது என்ன நிறம்னுதானே? இவன் வண்டிப் பச்சை கூடிப்போச்சுங்கான், அவன் உன் வண்டிக்குப் பச்சையே வரப்படாதுங்கான். அவன் சொன்னது நியாயம்தான். 1942 வாக்குல பச்சைச் சாயத்துக்குத் தட்டுப்பாடு வந்து மிலிட்டரி வண்டிக்கெல்லாம் காவி கலந்த பழுப்பு அடிச்சிருக்காக. அறுபது வயசு ஆளுக, காக்கி உடுப்பு போட்டுக்கிட்டு, ஒரு டப்பா பெயிண்டுக்கு மல்லுக்கட்டுதாக. டீக்கடை மட்டும் எதிரிக்கும் பொது. டாங்கிக்குள்ளயே டீக்கு வெந்நி போட கரண்டுச் சட்டி வச்சுக் குடுத்த ராணுவம்லா அது!

பக்கத்து வீட்டுத் தாத்தா இருக்காருல்லா, எம்பத்தெட்டு வயசு. அவர் கட்டாய ராணுவ சேவையில மலாயாவுல இதே ஃபெரட்டை ஓட்டுனவராம். முந்தாநாள் வேலிகிட்ட நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. வாங்கன்னு கையைக் காட்டுனேன். வந்து, டிரைவர் முன்னாடி இருக்குத அந்தச் சின்னக் கதவோட கைப்பிடியை உள்ளங்கையால மூடிப் பிடிச்சுக்கிட்டாரு, விடலை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. எங்க பெரியப்பா மலாயாவுல ரப்பர் பால் எடுத்தவருன்னு கையாலயே வெட்டிக் காட்டுனேன். அவர் சட்டுன்னு "கங்காணி"ன்னாரு! அறுபது எழுபது வருசமா நாக்குல வச்சிருந்திருக்காருய்யா. தோட்டத்து ரோட்டுல லாரிகளுக்குக் காவலாப் போவாகளாம்.

கியரு சூட்சுமம் சொன்னது அவருதான். நீ நினைக்கிற மாதிரி அந்த இடது பெடல் கிளட்சு இல்லை. கையால லிவரை மூணுல வச்சா மூணு விழுந்திராது. சாப்பாட்டுக் கடையில டோக்கன் வாங்குத மாதிரி அது, டோக்கன் வாங்குனா இலையில சோறு வந்திருமா? இடது பெடலை மிதிச்சு விட்டாத்தான் வரும். மிதிக்கிறதை முழுசா, அடி வரைக்கும், ஒரே மூச்சுல மிதிக்கணும். அரைகுறையா மிதிச்சியோ, கறவை மாடு உதைக்குத மாதிரி பெடல் எகிறி வந்து அடிக்கும். ஸ்டீயரிங் வேற தலைகீழாச் சரிஞ்சு மடியில கவுத்த சோத்துத் தட்டு மாதிரி இருக்கு, காலை இழுத்துக்கிட இடமும் கிடையாது. அடி சரியா முழங்காலுக்குத்தான் வரும். அப்படித்தான் அவர் சொன்னாரு.

செலவைப் பத்தி ஒண்ணு. 40 வருசம் தாண்டி, பெருசா ஏதும் மாத்தாம வச்சிருந்தா, இங்க வருசாந்திரச் சோதனையும் வேண்டாம், ரோட்டு வரியும் வேண்டாம்னு சட்டம் வச்சிருக்கான். மனுசனுக்கு நாப்பது தாண்டுனாத்தான் வருசா வருசம் ரத்தம் எடுக்கான். சோதனை இல்லைன்னு நீ பிரேக்கைப் பாக்காம விட்டியானா, நாலு டன் இரும்பு தானா வந்து சோதனை பண்ணும். 2021ல இருந்து சாதா பெட்ரோல்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் சாராயம் கலக்குதான். அது பழைய ரப்பர் குழாயை எல்லாம் ஊறவச்சுத் தின்னுரும். காசு கூடன்னாலும் சாராயம் கம்மியா இருக்குத பெட்ரோலையே போடு. தரையில ஆயில் சொட்டுதேன்னு கவலைப்படாதே, மாடு இருக்குத தொழுவத்துல சாணியும் இருக்கும். நேத்து சொட்டாத இடத்துல இன்னைக்குச் சொட்டுனா அதை மட்டும் விசாரி.

பில்லு எல்லாத்தையும் எஞ்சின் மேனுவலுக்குள்ள சொருகி வச்சிருக்க, பாத்தேன். அங்க வைக்காதே மருமவனே. லிஸ்டர் பில்லை நான் ஒளிச்சு வச்ச இடம் அதுதான். உங்க அத்தை கண்டுபிடிச்ச இடமும் அதுதான். அப்போ என் மவளுக்கு ஏழு வயசு, பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா.

நேத்து மத்தியானம் தார்ப்பாய் விலகியிருந்ததுன்னு கேட்டியே, காத்தா இருக்கும். டயருல புல்லு ஒட்டியிருக்கேன்னும் கேட்ட. தாத்தா வீட்டுக்குப் பின்னால அவருக்கு ஒரு புல்வெளி கிடக்கு, தெரியுமா? நல்ல அகலம். அத்தை போன் பண்ணுனா முழங்காலுக்குக் குளிர்னே சொல்லு. மூணுல இருந்து நாலுக்கு மாறும்போது மட்டும் பெடலை இன்னும் ஒரு விரக்கடை கூட அழுத்தணும், கேட்டியா. மத்த கியரெல்லாம் வெண்ணெய் மாதிரி விழுது.