திருமலைச் சிறு கார்களின் ஊமை நோய்: ஹோர்ன் திருத்தம் பற்றிய ஓர் ஆய்வு

திருகோணமலை நகர வீதிகளில் ஓடும் பழைய சிறு கார்களின் கோளாறுகளுள் பிரேக் பிடியாமை, எண்ணெய் ஒழுக்கு, றேடியேற்றர் கொதிப்பு ஆகியன குறித்துக் கராஜ்களிலும் தேநீர்க்கடைகளிலும் போதிய விவாதம் நிகழ்ந்து முடிந்திருக்க, ஹோர்ன் அடியாமை மட்டும் 'அது பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்' என்ற ஒரே தீர்ப்புடன் கைவிடப்பட்டு வந்திருப்பது ஆராய்ச்சி உலகுக்குப் பெருமை தருவதன்று. இக்கட்டுரை அக்கோளாற்றின் காரணங்களையும், அதனைத் தீர்ப்பதாகச் சொல்லப்படும் வழிகளையும், அவ்வழிகளுள் மிகுதியாக விரும்பப்படுவதே மிகக் குறைந்த பயனைத் தருவது ஏன் என்பதையும் ஆராய்கின்றது.

முதற்கண் எல்லை வகுத்தல் வேண்டும். 'பழைய கார்' என்பது இங்கு இரு வகுப்பினரைக் குறிக்கும். முதல் வகுப்பினர் இலக்கத்தகட்டில் ஸ்ரீ எழுத்தைச் சுமந்து திரிபவர். இவர்களின் சிறந்த பிரதிநிதி, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர். இரண்டாம் வகுப்பினர் 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தியான மாருதி 800 குடும்பத்தார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இவ்விரு வகுப்பினரும் ஓய்வுபெறும் வயதில் சேவை நீடிப்புப் பெற்ற அரச ஊழியரின் நிலையை அடைந்தனர். 'சிறிய' என்பது 4 மீற்றருக்கு உட்பட்ட நீளத்தைக் குறிக்கும்: மைனர் ஏறத்தாழ 3.76 மீற்றர், மாருதி ஏறத்தாழ 3.3 மீற்றர். இவ்வளவுகள் பின்னர் கடற்சட்டத்தோடு ஒப்பிடுகையில் தேவைப்படும் என்பதால் வாசகர் இவற்றை மறவாதிருத்தல் நன்று.

வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். அகநானூற்றின் 4ஆம் பாடலில், பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் வெருளும் என்று அஞ்சிய தலைவன் தன் தேர்மணியின் நாவைக் கட்டி ஓசையடக்கி வருவதாகக் குறுங்குடி மருதனார் பாடியிருக்கிறார். வாகனமொன்றின் ஒலிக்கருவி செயலிழந்தமைக்கு இதனினும் பழைய சான்று தமிழில் எளிதிற் கிடைக்காது. அங்கே காரணம் அருள், திருகோணமலையில் காரணம் கறள். மின்சார ஹோர்னைப் பொறுத்தவரை, 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கிளாக்சன் எனும் ஹோர்னை உருவாக்கிய அமெரிக்கர் மில்லர் றீஸ் ஹட்சிசன், அதற்கு முன்னர் செவிப்புலன் குறைந்தோருக்கான மின்கருவியை உருவாக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே வணிகத் தொடர்பு எதனையும் ஊகிக்க வேண்டியதில்லை.

மைனரிலும் மாருதியிலும் இருப்பது கிளாக்சன் அன்று, அதிர்தகட்டு ஹோர்ன் எனப்படும் பிற்கால வகை. அதனுள்ளே ஒரு சிறு மின்காந்தமும், அதன்முன் உருக்கினாலான மெல்லிய தகடும், ஒரு சோடித் தொடுமுனைகளும் உள்ளன. பின்புறத்தில், யாரும் தொடாதபோது ஒழுங்காக இருக்கும் ஒரு திருகாணி உண்டு. மின்காந்தம் தகட்டை இழுக்க, இழுபட்ட தகடு தொடுமுனைகளைப் பிரிக்க, மின்னோட்டம் அற்றதும் தகடு தன்னிடம் மீள, மீண்டதும் தொடுமுனைகள் சேர்ந்து தகடு மறுபடியும் இழுபடுகின்றது. இந்த இழுபறி ஒரு செக்கனில் 400 முதல் 500 தடவை வரை நிகழ்வதையே வீதியில் நிற்பவர் 'பீப்' என்று கேட்கிறார். இழுபறி முதற் கட்டத்திலேயே நின்றுபோனால் 'டிக்' என்ற ஒற்றை ஒலி மட்டும் எழும். ஊமை நோயின் தொடக்க அறிகுறி அதுவே.

நோயின் காரணத்தை அறிய நகரின் புவியியலை நோக்க வேண்டும். திருகோணமலை நகரம் ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் உட்துறைமுகமும் அமைந்த ஒடுங்கிய நிலக்கழுத்தில் இருக்கின்றது. ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் வீசும் வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் உப்பை ஈரத்தோடு கொண்டுவந்து காரின் முன்வலையினூடாக ஹோர்னில் அப்புகின்றது. ஆண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டைக் கடந்து வரண்டு சூடேறி வரும் கச்சான் காற்று அந்த ஈரத்தை உலர்த்தி, உப்பை அப்படியே விட்டு, அதன்மேல் புழுதியையும் தூவுகின்றது. வாடை நனைப்பதும் கச்சான் உலர்த்துவதுமாகிய இந்த ஒத்துழைப்பினால், ஹோர்னைக் காரோடு பிணைக்கும் நட்டின் அடியில் ஆண்டுதோறும் ஒரு படை கறள் சேர்கின்றது. டச்சு வளைகுடாக் கரையோரம் கடலை நோக்கிக் காரை நிறுத்திக் காற்று வாங்கும் குடும்பங்கள் அறியாத உண்மை, அதே காற்றைக் காரும் வாங்குகிறது என்பதே.

நட்டின் அடியிற் சேரும் கறள் ஏன் ஹோர்னின் வாயைக் கட்ட வேண்டும் என்ற வினாவே இவ்வாய்வின் மையம். காரில் மின்சாரம் போவதற்கு வயர் உண்டு. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வயர் கிடையாது, காரின் இரும்புடலே அதற்குப் பாதை. இப்பாதையைப் பாஸ்மார், அதாவது கராஜ் தொழிலாளர், 'எர்த்' என்பர். மைனரைப் போல ஹோர்னின் மின்சாரம் நேரே ஸ்டியரிங் பொத்தான் வழியாக இரும்புக்குத் திரும்பும் அமைப்பாயினும், ஹோர்ன் தன்னைத் தாங்கும் பட்டி வழியாக இரும்பைத் தொடும் அமைப்பாயினும், எங்கோ ஓரிடத்தில் இரும்பும் இரும்பும் சுத்தமாகத் தொட்டாக வேண்டும். 4 அம்பியர் இழுக்கும் ஹோர்னின் செயற்படு தடை சுமார் 3 ஓம். எர்த் நட்டின் கறள் மேலும் 1 ஓமைச் சேர்த்தால், பற்றரியின் 12 வோல்ட்டில் 9 மட்டுமே ஹோர்னைச் சென்றடையும். எஞ்சிய 3 வோல்ட்டைக் கறள் தின்றுவிடும். அந்த 9 வோல்ட்டில் ஹோர்ன் முனகும், மேலும் குறைந்தால் 'டிக்' என்று ஒருமுறை சொல்லி அடங்கும். ஆகவே ஊமையான ஹோர்ன்களுட் பல உண்மையில் ஊமையல்ல. அவற்றுக்குப் பேச வரும், ஊர் திரும்பத்தான் வழியில்லை.

இதனை மெய்ப்பிக்கும் சோதனை எளிது. ஒரு துண்டு வயரின் ஒரு நுனியைப் பற்றரியின் எர்த் முனையிலும் மறு நுனியை ஹோர்னின் எர்த் பக்கத்திலும் தொடுவித்துச் சுற்றை நிறைவாக்கும்போது ஹோர்ன் முழங்குமாயின், அது குற்றமற்றது. அதன்பின் நட்டைக் கழற்றிப் பார்த்தால் வாஷரின் அடியில் செம்பழுப்புத் தூள் இருக்கும். அதனைச் சாண்ட்பேப்பரால் இரும்பின் வெள்ளை நிறம் தெரியும்வரை சுரண்டி, மீண்டும் இறுக்கி, மேலே சிறிது வாஸ்லின் பூசினால் அடுத்த வாடைவரை கவலையில்லை. மைனரைச் சோதிப்போர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: அதில் எர்த் செய்யப்பட்டிருப்பது பற்றரியின் நேர்முனை, மாருதியில் எதிர்முனை. யப்பானியக் கார்களில் கை பழகிய இளம் பாஸ் ஒருவர் பற்றரியை மாறிப் பூட்டிவிட்டால் டைனமோவும் றேடியோவும் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கும். ஹோர்னும் விளக்குகளும் மட்டும் எத்தரப்பையும் சாராது வழமைபோல் இயங்கும்.

இக்கட்டத்தில் இரு மரபுகள் பிரிகின்றன. மேற்கூறியவாறு எர்த்தைச் சுத்தம் செய்வோரைச் சுரண்டுவோர் மரபினர் என்றும், பழையதைக் கழற்றி எறிந்து மேலும் பெரிய ஹோர்னைப் பூட்டுவோரை மாற்றுவோர் மரபினர் என்றும் வழங்கலாம். எண்ணிக்கையில் மாற்றுவோரே மிகுதி. அவர்கள் விரும்புவது தாழ்ந்த சுரத்தில் 400 ஹேர்ட்ஸும் உயர்ந்த சுரத்தில் 500 ஹேர்ட்ஸும் ஒலிக்கும் சோடி ஹோர்ன். இவ்விரு அதிர்வெண்களின் விகிதம் 4:5 ஆதலால், கேட்பவருக்கு அது சங்கராபரணத்தின் ஸட்ஜமும் காந்தாரமுமாக இனிக்க வேண்டும். கறள் பிடித்த எர்த்தில் பூட்டும்போது இரு சுரமும் வெவ்வேறு அளவில் நலிந்து, எந்த மேளகர்த்தாவிலும் அடங்காத ஒன்றாகின்றன. மேலும் சோடி ஹோர்ன் கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால், கறளின் வரியும் கூடுகின்றது. ஒற்றை ஹோர்ன் முனகிய இடத்தில் சோடி ஹோர்ன் முனகக்கூடத் துணிவதில்லை.

நியாயமாகச் சொல்வதாயின், சோடி ஹோர்னைப் பூட்ட ஒரு சரியான முறையும் உண்டு. ஸ்டியரிங் பொத்தானின் மென்மையான தொடுமுனைகள் 8 அம்பியரைத் தாங்காது கருகும் என்பதால், இடையே றிலே ஒன்று வேண்டும். அதாவது, சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஒரு பெட்டி. அதன் கால்களில் 30, 85, 86, 87 என்ற எண்கள் இருக்கும். 1, 2, 3, 4 என்று போடாதது ஏன் என்று வினவுவோர் ஜெர்மனியின் 72552 ஆம் இலக்கத் தரநிர்ணயத்தைப் பார்க்கலாம், ஆனால் ஆறுதல் கிட்டாது. 30 இற்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக நேர் வயர், 87 இலிருந்து ஹோர்ன்களுக்கு, எஞ்சிய இரண்டும் பொத்தானின் பக்கம். நத்தை வடிவ ஹோர்னாயின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கிப் பூட்டியவர்கள் மாரி முடிந்ததும் அதிலிருந்து நீரை ஊற்றியெடுப்பர்.

சட்டமும் இதில் ஒரு கருத்தைக் கொண்டிருக்கின்றது. வாகன ஹோர்ன்கள் தொடர்பில் 2011 இல் வெளியான தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள், ஒலி மட்டம் 2 மீற்றரில் 105 டெசிபலையும் 7 மீற்றரில் 93 டெசிபலையும் தாண்டலாகாது என்கின்றன. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும் என்ற விதிப்படி கணித்தால், 2 மீற்றரில் 105 ஆக இருப்பது 7 மீற்றரில் சுமார் 94 ஆகும். எனவே, அருகில் நிற்பவர் முன்னிலையில் முழுமையாகச் சட்டத்துக்குட்பட்டு நிற்கும் கார், அதே கணத்தில் ஐந்து மீற்றர் தள்ளி நிற்பவர் முன்னிலையில் ஒரு டெசிபல் குற்றவாளியாகக்கூடும். சட்ட அறிஞர் இதனைத் தீர்த்து வைப்பது விரும்பத்தக்கது.

துறைமுக நகரொன்றில் இவ்விடயத்தைக் கடற்சட்டத்தோடு ஒப்பிடாமல் விடுவது முறையன்று. கடலில் மோதல் தவிர்த்தல் பற்றிய 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி, கப்பலின் ஒரு குறு ஊதல் வலப்புறம் திரும்புவதையும், இரண்டு இடப்புறம் திரும்புவதையும், மூன்று இயந்திரம் பின்னோக்கி இயங்குவதையும், விரைவான ஐந்து 'உமது எண்ணம் எமக்கு விளங்கவில்லை' என்பதையும் குறிக்கும். 200 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கப்பலின் குரல் 70 முதல் 200 ஹேர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 75 மீற்றருக்குக் குறைந்தவை 250 முதல் 700 வரை பேசலாம். பெரியவருக்குக் கனத்த குரல், சிறியவருக்குக் கீச்சுக்குரல் என்று கடலில் ஒழுங்கு இருக்கின்றது. 12 மீற்றருக்கும் குறைந்த கலம் ஊதுகுழல் வைத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஏதேனும் ஒருவகையில் ஓசை எழுப்ப இயன்றாற் போதும். 3.3 மீற்றர் மாருதியை உட்துறைமுகத்தில் இறக்கினால் அதன் ஊமை ஹோர்ன் சட்டப்படி ஒரு குறையே ஆகாது; கதவைத் தட்டினால் போதும். மிதப்பது வேறு பிரச்சினை.

வீதியிலோ ஒரே 'பீப்' அந்நான்கு கப்பல் ஊதற் குறிகளின் வேலையையும் செய்கின்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விளிமரபு, பெயர்கள் விளியேற்கும்போது அடையும் மாற்றங்களை விரிவாகப் பேசும். ஹோர்னோ பெயரே இல்லாத விளி. யாரை அழைத்தது என்பது தெரியாமையால், ஏகாம்பரம் வீதியில் ஒருவர் ஹோர்ன் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஒருவரும் விலகுவதில்லை. விளிக்கப்படுவோருள் கணிசமானோர் மனிதரும் அல்லர். பிரட்றிக் கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் கட்டின்றித் திரியும் புள்ளிமான்கள், 400 ஹேர்ட்ஸ் ஆயினும் 500 ஆயினும் தலையை உயர்த்தி, காரை ஏற இறங்கப் பார்த்து, மென்றுகொண்டிருந்ததை முடித்த பின்னரே தீர்மானத்துக்கு வருகின்றன. கட்டாக்காலி மாடுகள் அந்தப் பார்வையையும் தருவதில்லை. நகரில் எல்லோரும் உடனடியாகச் செவிசாய்க்கும் வாகன ஒலி ஒன்றே: பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' இசையை ஒலித்தபடி ஒழுங்கைக்குள் நுழையும் சூன் பாண் ஓட்டோ. அதன் விளிக்குப் பொருள் உண்டு, பொருள் பணிஸ்.

நிலைமை இதுவாயிருக்க, மாற்றுவோர் மரபு ஏன் தழைக்கின்றது என்பதற்குக் காரணம் இயற்பியலில் இல்லை, பில்லில் இருக்கின்றது. பத்து நிமிடம் சாண்ட்பேப்பர் தேய்த்ததற்குப் பாஸ் பணம் கேட்டால், 'சும்மா சுரண்டினதுக்கா?' என்று கார்ச் சொந்தக்காரர் கேட்பார்; பளபளக்கும் பெட்டியில் புதிய சோடி ஹோர்ன் வந்தால் கேள்வியின்றிக் கொடுப்பார். எனவே அனுபவமுள்ள பாஸ் முதலில் எர்த்தைச் சுரண்டி, பழைய ஹோர்ன் நன்றாகவே முழங்குவதைத் தனியே கேட்டு உறுதிசெய்து, பின்னர் அதனைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, வெற்றுப் பெட்டியையும் சேர்த்துக் கையளிக்கிறார். கழற்றப்பட்ட பழையது கிறீஸ் துடைக்கப்பட்டு மேசையின் கீழ் ஒதுங்கி, ஹோர்ன் அடியாத அடுத்த மாருதி வந்து சேரும்போது 'ஒறிஜினல்' என்ற பெயரில் விலை போகின்றது.